எல்லைக்கோடு இல்லாத போரில் வெற்றியை எதை வைத்து அளந்தார்கள்?

நீங்கள் கேட்டிருப்பது இது: வியட்நாமில் அமெரிக்க ராணுவம் வாரந்தோறும் எதிரிகளில் இத்தனை பேரைக் கொன்றோம் என்று கணக்குக் காட்டியது, அந்தக் கணக்கு மெய்யானால் அவர்கள் ஏன் தோற்றார்கள், பொய்யானால் அவ்வளவு படித்தவர்கள் அதை எப்படி நம்பினார்கள்? கேள்வி வியட்நாமைப் பற்றியது என்றாலும், அதற்கு அடியில் இன்னும் பழைய கேள்வி ஒன்று கிடக்கிறது. ஒரு படை தான் வென்றுகொண்டிருக்கிறதா, தோற்றுக்கொண்டிருக்கிறதா என்பதைப் போர் முடியும் முன்பே எதை வைத்துத் தெரிந்துகொள்கிறது? இரண்டையும் சேர்த்துப் பார்த்தால்தான் உங்களுக்கு நேர்மையான விடை தர முடியும். கணக்கு பெருமளவு மெய்யாகவே இருந்து, அது அளந்த பொருள் மட்டும் போரைத் தீர்மானிக்காததாக இருந்திருக்கக் கூடும் என்ற மூன்றாவது வழியையும் மனத்தில் வைத்துக்கொண்டு மேலே வாசியுங்கள்.

நான் படைத்துறையில் பணியாற்றியவன் அல்லன். படித்தது புள்ளியியல், பணிக்காலத்தின் பெரும்பகுதி களக் கணக்கெடுப்புப் படிவங்களைச் சரிபார்ப்பதில் கழிந்தது, போர்க்காலப் புள்ளிவிவரங்களை, குறிப்பாக வியட்நாம் போரைப் பற்றி வெளியாகியுள்ள ஆவணங்களை, பல ஆண்டுகளாக வாசித்து வருகிறேன். ஓர் எண் களத்தில் பிறந்து தலைமையகத்தின் மேசைக்கு வந்து சேரும் வழி எனக்குப் பழக்கமானது. துப்பாக்கிச் சூட்டுக்கு நடுவே நிற்பவனின் மனம் எனக்குப் பழக்கமில்லாதது. அங்கே நான் சொல்வதை வாசித்தறிந்ததாக மட்டும் கொள்ளுங்கள்.

பழைய போர்களில் வெற்றிக்குக் கண்ணால் காணும் அடையாளங்கள் இருந்தன. கோட்டை விழுந்தது, ஆற்றைக் கடந்தார்கள், கொடியைப் பிடித்தார்கள், பீரங்கிகளைக் கைப்பற்றினார்கள். நெப்போலியன் ஆஸ்டர்லிட்ஸில் பிடித்த பீரங்கிகளை உருக்கிப் பாரிசில் வெற்றித் தூண் எழுப்பினான். கொன்றவர்களை எண்ணும் வழக்கமும் மிகப் பழையதே. எகிப்தில் மூன்றாம் ராம்சேஸின் மெதினத் ஹாபு கோயில் சுவர்களில், எதிரிகளின் வெட்டிய கைகளைக் குவித்துவைத்து எழுத்தர்கள் எண்ணி எழுதும் காட்சி செதுக்கப்பட்டிருக்கிறது. போரில் ஆயிரம் யானைகளை வீழ்த்தியவன்மேல் பாடுவதே பரணி என்று நம் பாட்டியல் நூல்கள் இலக்கணம் வகுத்ததும் இந்த வகையில் சேரும். ஆனால் இங்கெல்லாம் எண்ணுவது போர் முடிந்த பிறகு நடந்தது. யார் வென்றார்கள் என்று எல்லோருக்கும் தெரிந்த பின்னர், அந்த வெற்றி எவ்வளவு பெரியது என்று சொல்லவே எண் தேவைப்பட்டது. எண்ணைக் கொண்டே வெற்றியைக் கண்டுபிடிக்கும் நிலை, எல்லைக்கோடு நகராமல் நின்றுபோனபோதுதான் வந்தது.

அது முதல் உலகப் போரில் நேர்ந்தது. 1914 முடிவில் மேற்குப் போர்முனை பதுங்குகுழிகளில் உறைந்தது. வரைபடத்தில் காட்டுவதற்கு எந்தத் தளபதியிடமும் எதுவும் மிஞ்சவில்லை. எதிரியின் ஆள்பலத்தைத் தேய்ப்பதே முன்னேற்றம் என்ற எண்ணம் அப்போதுதான் வேர்விட்டது. 1916இல் வெர்தூனில் பிரான்சின் ரத்தத்தை வடியவிடுவதே தன் நோக்கமாக இருந்தது என்றும், அதை 1915 கிறிஸ்துமஸ் வேளையிலேயே பேரரசருக்கு எழுதிக் கொடுத்ததாகவும் ஜெர்மன் தளபதி ஃபால்கன்ஹைன் போருக்குப் பின் தம் நினைவுக் குறிப்பில் எழுதினார். அந்தக் கடிதத்தின் மூலப்படி இதுவரை கிடைக்கவில்லை. வெர்தூனைப் பிடிக்க முடியாமற்போன பிறகு அவர் சொல்லிக்கொண்ட விளக்கமோ அது என்று ஐயுறும் வரலாற்றாசிரியர்கள் பலர். உறுதியாகத் தெரிந்தது, அங்கே இரு தரப்பும் தலா 3 லட்சத்துக்கு மேற்பட்டவர்களை, ஏறத்தாழச் சம அளவில், இழந்தன என்பதே. மண் கிடைக்காதபோது 'எங்கள் குறி மண் அல்ல, ஆட்கள்' என்று குறியை இடம்மாற்றிக்கொள்ளும் வசதி தேய்மானக் கணக்குக்கு உண்டு என்பதை இங்கே குறித்துக்கொள்ளுங்கள். வியட்நாமை வாசிக்கும்போது இது பயன்படும்.

இரண்டாம் உலகப் போரிலிருந்து இரண்டு நிகழ்வுகளை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். ஒன்றில் சரியான அளவுகோலைத் தேர்ந்தார்கள், மற்றதில் அறிவுள்ள ஒருவர் ஏமாந்தார். பிரிட்டிஷ் சரக்குக் கப்பல்களில் விமான எதிர்ப்புத் துப்பாக்கிகளைப் பெரும் செலவில் பொருத்தினார்கள். பின்னர் கணக்குப் பார்த்தபோது, தாக்க வந்த விமானங்களில் 4 விழுக்காடு அளவே சுட்டு வீழ்த்தப்பட்டிருந்தது. வீண் செலவு, கழற்றிவிடலாம் என்ற பேச்சு எழுந்தது. போர்ச்செயல் ஆய்வாளர்கள் வேறொரு கணக்கைக் கேட்டார்கள்: துப்பாக்கி எதற்காகப் பொருத்தப்பட்டது? கப்பலைக் காப்பாற்றத்தானே? அப்படியானால் எண்ணவேண்டியது விழுந்த விமானங்களை அல்ல, மூழ்கிய கப்பல்களை. அந்தக் கணக்கில், திருப்பிச் சுட்ட கப்பல்களில் 10 விழுக்காடும் சுடாதவற்றில் 25 விழுக்காடும் மூழ்கியிருந்தன. சுடப்படும் விமானி தாழப் பறந்து குறிவைக்க முடியாமல் போனதே காரணம். துப்பாக்கிகள் இருந்த இடத்திலேயே இருந்தன. இந்தத் துறையில் நான் வாசித்தவற்றுள் என் மனத்தை மிகவும் கவர்ந்தது இதுதான். ஒரே துப்பாக்கி, ஒரே கடல், ஒரே பதிவேடுகள். கேள்வி மாறியதும் முடிவே மாறிவிட்டது.

மற்றது ஜெர்மன் நீர்மூழ்கிகளின் தலைவர் டோனிட்ஸ் வகுத்த டன் கணக்கு. நேச நாடுகளின் கப்பல்கள் எல்லாமே ஒரே குளத்து நீர். எங்கே மொண்டாலும் குளம் வற்றும். ஆகவே எந்தக் கப்பலில் என்ன சரக்கு என்று பாராமல், எங்கே எளிதாக மூழ்கடிக்கலாமோ அங்கே மூழ்கடிக்க வேண்டும் என்பது அவர் வாதம். மாதம் 7 லட்சம் டன் என்பது இலக்கு. வாதத்தில் பிழை காண்பது கடினம். 1942 நவம்பரில் நீர்மூழ்கிகள் அந்த எல்லையைத் தாண்டவும் செய்தன. ஆனால் அதே மாதத்தில் கலிபோர்னியாவின் ரிச்மண்ட் கப்பல்தளத்தில் ஒரு லிபர்ட்டி சரக்குக் கப்பலை அடித்தளம் இட்ட 4 நாள் 15 மணி நேரத்தில் நீரில் இறக்கினார்கள். அது விளம்பரத்துக்காகச் செய்த சாதனை. ஆனாலும் அதன் பின்னால் நின்ற உற்பத்தி மெய்யானது. அந்த வகைக் கப்பல்கள் மொத்தம் 2,710 கட்டப்பட்டன. டோனிட்ஸ் தாம் இறைத்த குடங்களைத் துல்லியமாக எண்ணினார். குளத்துக்குள் விழுந்துகொண்டிருந்த அருவி அவர் கண்ணுக்கு எட்டவில்லை. 1943 மே மாதம் ஒன்றிலேயே 41 நீர்மூழ்கிகளை இழந்த பிறகு, வட அட்லாண்டிக்கிலிருந்து அவற்றைப் பின்வாங்கச் சொன்னார்.

எண்ணுவதிலும் பிழை இருந்தது. 1940 செப்டம்பர் 15 அன்று 185 ஜெர்மன் விமானங்களை வீழ்த்தியதாக பிரிட்டன் அறிவித்தது. உண்மையில் வீழ்ந்தவை 60 அளவில்தான். யாரும் வேண்டுமென்று பொய் சொல்லவில்லை. ஒரே விமானத்தை மூன்று விமானிகள் சுட்டால் மூவரும் தனித்தனியே பதிவு செய்தார்கள். மிகைக் கணக்கு என்றாலே பொய் என்று முடிவுகட்டிவிடக் கூடாது என்பதற்காகவே இதைச் சொன்னேன்.

இனி வியட்நாம். அங்கே தென் வியட்நாம் அரசுக்குத் துணையாக நின்ற அமெரிக்கா, கம்யூனிஸ்ட் வட வியட்நாமின் படைகளையும் தெற்கிலேயே இயங்கிய கம்யூனிஸ்ட் கொரில்லாக்களையும் எதிர்த்தது. பாதுகாப்புச் செயலராக 1961 முதல் 1968 தொடக்கம் வரை இருந்த ராபர்ட் மெக்னமாரா, இரண்டாம் உலகப் போரில் விமானப்படையின் புள்ளிவிவரக் கட்டுப்பாட்டுப் பிரிவில் பணியாற்றி, ஃபோர்டு நிறுவனத்தின் தலைவராகி, அங்கிருந்து அரசுக்கு வந்தவர். 1962இல், தம்மிடமுள்ள எல்லா அளவீடுகளும் அமெரிக்கத் தரப்பு வென்றுகொண்டிருப்பதையே காட்டுகின்றன என்று அவர் சொன்னது பரவலாக மேற்கோள் காட்டப்படுகிறது. அதே மெக்னமாரா, 1963 டிசம்பரில் குடியரசுத் தலைவருக்கு எழுதிய குறிப்பில், ஜூலை முதலே நாட்டுப்புறங்களில் நிலைமை தாங்கள் உணர்ந்ததைவிட மிகவும் கெட்டுவிட்டது என்றும், திரிக்கப்பட்ட வியட்நாமிய அறிக்கைகளை அளவுக்கு மீறி நம்பியதே அதற்குக் காரணம் என்றும் ஒப்புக்கொண்டதைப் பலரும் சொல்வதில்லை. இடையில் நடந்தது, தெற்கின் தலைநகர் சைகோனில் அதிபர் ஜியெம் ஆட்சியின் கவிழ்ப்பு. அதுவரை மாகாணத் தலைவர்கள் ஜியெமுக்குப் பிடித்த எண்களை அனுப்பிவந்தார்கள். அவர் போனதும் எண்கள் சரிந்தன. அதாவது, அமெரிக்கத் தரைப்படைகள் பெருமளவில் இறங்குவதற்கு முன்பே, இந்தப் போரில் வரும் எண்களை எப்படி வாசிக்கக் கூடாது என்ற பாடம் உரிய மேசைக்கு வந்து சேர்ந்துவிட்டது. என்னை வருத்துவது, பாடம் கிடைக்காமற்போனதல்ல. கிடைத்தும் அதைக் களத்தில் நடைமுறையாக்க யாரும் முனையாததே.

1965க்குப் பின், வியட்நாமில் அமெரிக்கப் படைகளின் தளபதியாக இருந்த வெஸ்ட்மோர்லண்டின் திட்டம் தேய்மானப் போராக அமைந்தது. வட வியட்நாமுக்குள் தரைப்படையைக் கொண்டுபோவதில்லை என்று அரசியல் முடிவு இருந்தது. தெற்கில் முனை என்று ஒன்று இல்லை. பகலில் பிடித்த ஊரை மாலையில் விட்டு வந்தார்கள். வரைபடத்தால் முன்னேற்றத்தைக் காட்ட முடியாத நிலை, ஐம்பது ஆண்டு கழித்து வேறொரு நாட்டில் திரும்பி வந்திருந்தது. 1966 பிப்ரவரியில் ஹொனலூலுவில் கூடியபோது, எதிரி களத்துக்கு ஆட்களைக் கொண்டுவரும் வேகத்துக்கு ஈடான வேகத்தில் அவர்களை அந்த ஆண்டு முடிவுக்குள் அழிக்கவேண்டும் என்பது எழுத்தில் இலக்காக வைக்கப்பட்டது. இழப்பு வரவைத் தாண்டும் அந்த இடத்தைத் தாண்டுபுள்ளி என்று சொல்லலாம். 1967 ஏப்ரலில், வடகோடி மாகாணங்கள் இரண்டைத் தவிர மற்ற இடங்களில் தாண்டுபுள்ளியை எட்டிவிட்டதாகத் தெரிகிறது என்று வெஸ்ட்மோர்லண்ட் வாஷிங்டனில் சொன்னார். நாம் படைப்பிரிவுகளைச் சேர்த்தால் எதிரியும் சேர்க்க மாட்டானா, இதற்கு முடிவு எங்கே என்று குடியரசுத் தலைவர் ஜான்சன் கேட்டார். அந்த அறையில் கேட்கப்பட்ட சரியான கேள்வி அது என்பேன்.

தாண்டுபுள்ளிக்கு இரண்டு எண்கள் வேண்டும்: எத்தனை பேர் செத்தார்கள், எத்தனை பேர் வந்தார்கள். முதலாவதை எடுத்துக்கொள்வோம். ரோந்துப் பிரிவு எண்ணியதைக் கம்பெனி தொகுத்தது. கம்பெனியினதைப் பட்டாலியன், அதைப் பிரிகேட், அதை டிவிஷன், கடைசியில் சைகோன் தலைமையகம். அடர்ந்த புதரில், இருட்டில், எதிரி தன் பிணங்களை இழுத்துக்கொண்டு போய்விட்ட இடத்தில், ரத்தக்கறையை வைத்தும் பீரங்கிக் குண்டு விழுந்த இடத்தை வைத்தும் ஊகித்தார்கள். இதே எண்ணால்தான் அந்த அதிகாரியின் திறமையும் மதிப்பிடப்பட்டது. ஒரு பட்டாலியனுக்குத் தலைமை தாங்க அவருக்குக் கிடைத்தது பெரும்பாலும் ஆறு மாதமே. இதைப் பற்றி என் அனுபவத்தில் ஒன்று சொல்ல முடியும். ஒரு திட்டத்தின் சாதனையும் அதைப் பதிவு செய்யும் அலுவலரின் பணி மதிப்பீடும் ஒரே படிவத்தில் தங்கியிருந்தால், நான் சரிபார்த்த பட்டியல்களில் சாதனை விழுக்காடு 101, 102, 104 என்று இலக்கை ஒட்டியே குவிந்திருக்கும். 97உம் 93உம் அரிது. அவர்களுள் பலர் நல்லவர்கள். ஐயத்துக்கு இடமான ஒவ்வொன்றையும் ஒரே பக்கமாகத் தீர்த்தார்கள், அவ்வளவுதான். என் பட்டியல்களில் அப்படித் தீர்த்ததால் யாரும் சாகவில்லை. வியட்நாமில் 'இறந்தவன் எதிரிதான்' என்ற திசையில் ஐயம் தீர்க்கப்பட்டபோது, அந்த எண்ணுக்குள் உழவர்களும் பெண்களும் சிறுவர்களும் போய் விழுந்தார்கள்.

மீகோங் கழிமுகத்தில் 9ஆம் காலாட்படை டிவிஷன் 1968 டிசம்பர் முதல் 1969 மே வரை நடத்திய 'ஸ்பீடி எக்ஸ்பிரஸ்' நடவடிக்கையின் கணக்கு இது: கொல்லப்பட்ட எதிரிகள் 10,899, கைப்பற்றிய ஆயுதங்கள் 748. பதினான்கு பேருக்கு ஓர் ஆயுதம். சிலர் ஆயுதமின்றிச் சுமைதூக்கியிருக்கலாம், சில துப்பாக்கிகள் வாய்க்காலில் மூழ்கியிருக்கலாம் என்றெல்லாம் விளக்கம் தரப்பட்டது. அவை முற்றிலும் பொய்யல்ல. ஆனால் ராணுவத்தின் சொந்த உள் விசாரணையே பின்னர் 5,000 முதல் 7,000 வரையான பொதுமக்கள் இறந்திருக்கலாம் என்று மதிப்பிட்டது. ஓய்வுபெற்ற பிரிகேடியர் ஜெனரல் டக்ளஸ் கின்னார்ட், வியட்நாமில் பணியாற்றிய தளபதிகளிடம் 1974இல் எழுத்தில் கருத்துக் கேட்டபோது, பத்தில் ஆறு பேர் அளவில் பிணக் கணக்கு அடிக்கடி மிகைப்படுத்தப்பட்டது என்றார்கள். கொலை விகிதம் முன்னேற்றத்துக்குச் சரியான அளவுகோல் என்றவர்கள் 2 விழுக்காடே.

இவ்வளவையும் வைத்துக்கொண்டு 'கணக்கு பொய்' என்று முடித்துவிடலாம் போலத் தோன்றும். இங்கேதான் நிதானம் வேண்டும். 1965 முதல் 1974 வரை கொல்லப்பட்ட எதிரிகள் என்று அமெரிக்கத் தரப்பு வைத்திருந்த மொத்தக் கணக்கு சுமார் 9,50,000. ஆய்வாளர்கள் இதில் பெரும்பகுதியைக் கழித்தே எடுத்துக்கொண்டார்கள். 1995இல் வியட்நாம் அரசு, தன் தரப்புப் போராளிகளில் 11 லட்சம் பேர் இறந்ததாக அறிவித்தது. இரண்டு எண்களும் ஒரே பொருளை அளக்கவில்லை. முன்னதில் பொதுமக்கள் கலந்திருக்கிறார்கள். பின்னதில் மலேரியாவாலும், அமெரிக்கர்கள் கண்ணில் படாத குண்டுவீச்சாலும் இறந்தவர்கள் இருக்கக்கூடும். இரண்டின் காலவரம்பும் ஒன்றல்ல. ஆகவே ஒன்றை வைத்து மற்றதை மெய்ப்பிக்க முடியாது. வடக்கின் படைகள் பேரிழப்பைச் சந்தித்தன என்பதில் மட்டும் ஐயத்துக்கு இடமில்லை. இழப்பு அவ்வளவு பெரிதாக இருந்தும் அவர்கள் நிற்கவில்லை. உங்கள் கேள்வியின் முடிச்சு இந்த இடத்தில்தான் இருக்கிறது.

தாண்டுபுள்ளியின் இரண்டாவது எண், வரவு. வட வியட்நாமில் ஆண்டுதோறும் சுமார் 2 லட்சம் இளைஞர்கள் போர்வயதை எட்டினார்கள் என்பது அக்கால மதிப்பீடு. அதைவிட முக்கியமான ஒன்றைப் பாதுகாப்புத் துறையின் முறைமைப் பகுப்பாய்வுப் பிரிவு, அலைன் என்தோவன் தலைமையில், போர் நடந்துகொண்டிருந்தபோதே கண்டு சொன்னது: மோதல்களில் முக்கால் பங்குக்கும் மேல் எதிரி தேர்ந்த இடத்தில், எதிரி தேர்ந்த நேரத்தில் நடந்தவை. அப்படியானால் இழப்பு தாங்க முடியாத அளவுக்கு ஏறினால், சில மாதம் மோதாமல் ஒதுங்கிக்கொள்வது எதிரியின் கையில் இருந்தது. கொல்லும் வேகத்தை நிர்ணயித்தது அமெரிக்கப் படை அல்ல. சாகத் துணிந்தவர்களின் தலைமையே. அளவுகோலின் முள்ளை எதிரியே நகர்த்திக்கொண்டிருக்கும்போது, அதைப் பார்த்து நாம் முன்னேறுகிறோமா என்று சொல்ல முடியாது. எண்ணிக்கை முற்றிலும் துல்லியமாக இருந்திருந்தாலும் இந்தக் குறை நீங்கியிருக்காது.

மூன்றாவதாக, மொத்த இருப்பு. எதிரியின் ஆள்பலம் சுமார் 3 லட்சம் என்று 1967இல் ராணுவத் தலைமையகம் சொன்னது. மத்திய உளவு நிறுவனத்தின் பகுப்பாய்வாளர் சாம் ஆடம்ஸ், ஊர்க்காவல் குழுக்களையும் சேர்த்தால் அது கிட்டத்தட்ட இருமடங்கு என்று வாதிட்டார். கண்ணிவெடி புதைத்த கிழவரும் சிறுவனும் படையில் சேர்த்தியா, இல்லையா என்பதே சண்டையின் மையம். தலைமையகத்துக்கும் ஓரளவு நியாயம் இருந்தது. அவர்கள் படைப்பிரிவுகளாகப் போரிடுபவர்கள் அல்லர். ஆனால் அந்த ஆகஸ்டில் சைகோனிலிருந்து போன தந்தி ஒன்று, கூடுதலான எண்ணை வெளியிட்டால் செய்தியாளர்கள் சோர்வூட்டும் முடிவுக்கு வந்துவிடுவார்கள் என்று கவலைப்பட்டது. அந்தக் குழுக்கள் நவம்பரில் இறுதியான மதிப்பீட்டின் எண்ணிலிருந்து விலக்கப்பட்டன. இதில் எவ்வளவு கருத்துவேறுபாடு, எவ்வளவு மறைப்பு என்பது பின்னர் நீதிமன்றம் வரை போனது. தொலைக்காட்சி நிறுவனம் ஒன்றின்மேல் வெஸ்ட்மோர்லண்ட் தொடுத்த வழக்கு 1985இல் தீர்ப்பின்றிச் சமரசத்தில் முடிந்தது. என் கணிப்பில், முரணை மறுக்க முடியாது: அவர்கள் செத்தால் பிணக் கணக்கில் சேர்ந்தார்கள், உயிரோடிருந்தால் ஆள்பலக் கணக்கில் சேரவில்லை. வரவில் வராத ஆளைப் பற்றில் கழிக்கும் பேரேடு எந்தக் கடையிலும் செல்லாது.

பிணங்களை மட்டுமே எண்ணினார்கள் என்று நினைத்துவிடாதீர்கள். 1967 ஜனவரியில் குக்கிராம மதிப்பீட்டு முறை தொடங்கியது. 12,000க்கும் மேற்பட்ட குக்கிராமங்களுக்கு, மாவட்டந்தோறும் இருந்த அமெரிக்க ஆலோசகர் மாதம் ஒருமுறை 18 குறியீடுகளில் மதிப்பெண் இட்டார். சைகோனில் கணினி அவற்றைத் தொகுத்தது. போர் மக்களின் பாதுகாப்பைப் பற்றியது என்று உணர்ந்தவர்கள் வடிவமைத்தது இது. பிணக் கணக்கைவிடப் பல மடங்கு மேலானது என்று தயங்காமல் சொல்வேன். குறை என்னவென்றால், வியட்நாமிய மொழி அறியாத ஓர் அதிகாரி, இரவில் தங்க முடியாத ஊரைப் பற்றி, பகலில் ஒருமுறை போய்வந்ததை வைத்தோ, போகாமலேயோ எழுதவேண்டியிருந்தது. 1967 முடிவில் மக்கள்தொகையில் 67 விழுக்காடு ஓரளவேனும் பாதுகாப்பான இடங்களில் வாழ்வதாக அந்த முறை சொன்னது. அதே நவம்பரில் முடிவின் தொடக்கம் கண்ணுக்குத் தெரிகிறது என்ற பொருளில் வெஸ்ட்மோர்லண்ட் வாஷிங்டனில் பேசினார். 1968 ஜனவரி இறுதியில், வியட்நாமியப் புத்தாண்டான டெட் வேளையில் கம்யூனிஸ்டுப் படைகள் தொடுத்த டெட் தாக்குதல் நூற்றுக்கு மேற்பட்ட நகரங்களிலும் ஊர்களிலும் ஒரே வேளையில் வெடித்தது.

டெட் தாக்குதலில் தாக்கியவர்கள்தான் அதிகம் செத்தார்கள், பிடித்த நகரங்களையும் விட்டுப்போனார்கள். ஆயினும் வாஷிங்டனில் உடைந்தது எண்களின்மேல் இருந்த நம்பிக்கை. அந்த மார்ச்சில் மூத்த ஆலோசகர்களுக்கு நடந்த விளக்கக் கூட்டத்தில், ஐ.நா.வுக்கான அமெரிக்கத் தூதர் ஆர்தர் கோல்ட்பர்க் எதிரியின் இறப்பையும், ஒருவர் இறந்தால் எத்தனை பேர் காயமடைவார்கள் என்ற விகிதத்தையும், மொத்த ஆள்பலத்தையும் கேட்டு, அங்கேயே பெருக்கிப் பார்த்து, அப்படியானால் இப்போது நம்முடன் போரிடுவது யார் என்று கேட்டதாகப் பதிவு உண்டு. அவர் கேட்ட துல்லியமான எண்கள் நூலுக்கு நூல் மாறுகின்றன, கேள்வி ஒன்றே.

படித்தவர்கள் எப்படி நம்பினார்கள் என்ற உங்கள் இரண்டாம் பகுதிக்கு இதிலேயே பாதி விடை இருக்கிறது: எல்லோரும் நம்பவில்லை. மெக்னமாராவே 1967 மே மாதத்துக்குள் தனிக்குறிப்புகளில் நம்பிக்கையிழந்திருந்தார். மீதிப் பாதி, எதிரியின் மன உறுதியை எண்ணாக்க ஒருவருக்கும் வழி தெரியாதது. முயலாமல் இல்லை. ராணுவத்துக்கு ஆய்வு செய்துதந்த ராண்ட் நிறுவனம் 1964 முதல் கைதிகளையும் சரணடைந்தவர்களையும் நேர்காணத் தொடங்கியது. முதலில் சென்ற ஆய்வாளர்கள், இவர்கள் குலையாத உறுதியுள்ளவர்கள் என்று சொன்னார்கள். அதே திட்டத்தை அடுத்து ஏற்ற லியோன் கூரே, குண்டுவீச்சால் அவர்களின் உறுதி குலைகிறது என்று எழுதினார். அதிகாரத்தில் இருந்தவர்கள் இரண்டாவதை விரும்பிக் கேட்டார்கள். மன உறுதிக்கு எண் இல்லாத இடத்தில் பிணத்துக்கு எண் இருந்தது. இருந்த எண்ணே இல்லாத எண்ணின் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டது.

பின்னர் வந்த போர்களைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்கிறேன், அவற்றின் ஆவணங்கள் இன்னும் முழுமையாகத் திறக்கப்படவில்லை. 2002இல் தளபதி டாமி ஃபிராங்ஸ், நாங்கள் பிணங்களை எண்ணுவதில்லை என்று ஆப்கானிஸ்தானில் அறிவித்தார். மறு ஆண்டு அக்டோபரில் பாதுகாப்புச் செயலர் ரம்ஸ்ஃபெல்ட், வெல்கிறோமா தோற்கிறோமா என்று அறிய நம்மிடம் அளவீடுகள் இல்லையே என்று தம் அதிகாரிகளுக்கு எழுதினார். எண்ணுவதை விட்டதால் விடை கிடைத்துவிடவில்லை. ஆப்கானிஸ்தானில் 407 மாவட்டங்களை அரசின் பிடியில் உள்ளவை, தலிபானின் பிடியில் உள்ளவை, இழுபறியில் உள்ளவை என்று வகுத்தார்கள். 2018 அக்டோபரில் அரசின் பிடியிலோ செல்வாக்கிலோ இருந்தவை 53.8 விழுக்காடு. அதற்குப் பிறகு, முடிவெடுக்க அது பயன்படவில்லை என்று சொல்லி, அந்த மதிப்பீட்டையே கைவிட்டார்கள். 2021 ஆகஸ்ட் 15 அன்று காபூல் விழுந்தது.

ஒன்றைச் சேர்த்துச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதுவரை எழுதியதைப் படித்து, எண்களே வீண் என்று நீங்கள் எடுத்துக்கொள்ளக் கூடாது. குக்கிராம மதிப்பீட்டு முறையை 1970ஐ ஒட்டித் திருத்தியமைத்தார்கள். ஆலோசகர் மதிப்பெண் இடுவதை நிறுத்தி, 169 கேள்விகளுக்கு விடை மட்டும் எழுதச் சொன்னார்கள். எந்த விடைக்கு என்ன எடை என்பது அவருக்குத் தெரியாது. மதிப்பெண்ணைக் கணினி கணக்கிட்டு, அதற்கு அருகிலுள்ள முழு எழுத்துத் தரமாக (A, B, C என்பதுபோல்) மாற்றியது. களத்தில் இருப்பவரின் கையிலிருந்து அவரைப் பற்றிய தீர்ப்பைப் பிரித்தெடுத்த அந்த ஏற்பாட்டை, என் தொழிலில் இருப்பவர்கள் மதிக்காமல் இருக்க முடியாது. அந்தப் பதிவுகள் அழியாமல் இருந்தன. 2018இல் மெலிசா டெல், பாப்லோ கேருபின் என்ற பொருளியலாளர்கள் அவற்றை எடுத்து, ஏறத்தாழ ஒரே மதிப்பெண் பெற்றும் தரத்தின் எல்லைக்கோட்டுக்கு மயிரிழையில் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் விழுந்த குக்கிராமங்களை ஒப்பிட்டார்கள். கோட்டுக்குக் கீழே விழுந்த ஊர்களில் கூடுதலாகக் குண்டு விழுந்தது. அப்படிக் குண்டு விழுந்த ஊர்கள், மற்றவற்றைக் காட்டிலும், பிறகு கம்யூனிஸ்டுகளின் பிடிக்குள் அதிகமாகப் போயிருந்தன.